பித்தன் என்னும் சொல்

தம் கல்யாணத்தைத் தடுக்க வந்த கிழவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். வழக்கு நமது பழைய தென்னார்க்காடு ஜில்லாவில், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் நடந்தது. வந்தவர் இறைவனே என்று தெரிந்ததும் ஏச்சே துதியாயிற்று. சிதம்பரத்தில் அந்தப் பித்தன் ஆடும் அம்பலத்துக்குச் சோழர் பொன் வேய்ந்தனர். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைக்குச் சித்தம் கலங்கினால் கொல்லை அறையில் வைத்துப் பூட்டுகிறோம். கேட்பவரிடம் வெளியூர் போயிருக்கிறான் என்கிறோம். கல்யாணத்துக்குத் தங்கை காத்திருந்தால் பூட்டு இரண்டாகிறது.

2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமி கடலூர் ஜில்லாவில் 600 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையை அடுத்த குப்பங்களிலும் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள் தூக்கம் இழந்தனர், அலையோசைக்கு நடுங்கினர், கடலில் இறங்க மறுத்தனர். அவர்களைப் பைத்தியக்காரர் என்று ஊர் ஒதுக்கியதாக நாம் கேட்டதில்லை. துக்கத்தின் காரணம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. காரணம் தெரியாதபோது மட்டும் அதே தூக்கமின்மையும் அதே நடுக்கமும் குலத்துக்கு இழுக்காவது எந்த ஊர் நியாயம்?

இழுக்குக்கு அஞ்சி மறைப்பது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றிற்று. உள்ளேயிருந்த மனநோயாளிகளின் காலில் சங்கிலி. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் உற்றாரே. அவர்களைக் கொடியவர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வைத்தியம் அருகில் இல்லை. இருந்த இடத்திலோ ஊர்க் கண் இருந்தது.

சட்டம் சற்று நகர்ந்திருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 95-வது பிரிவு, சங்கிலியிடுவதை எவ்விதத்திலும் கூடாதென்று தடுக்கிறது. ஹிந்து விவாகச் சட்டத்தின் கதை வேறு. 1976-ல் அதில் செய்த திருத்தம், திரும்பத் திரும்ப வரும் சித்தப்பிரமையையும் வலிப்பையும் ஒரே முடிச்சாகக் கட்டிக் கல்யாணத்துக்குத் தடை என்றது. 1999-ல் வலிப்பை அவிழ்த்துவிட்டனர். மற்றது கட்டுண்டே கிடக்கிறது. மனநோயின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் விவாகரத்து கிடைக்காது, நோயின் கடுமையைப் பார்க்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1988-ல் தீர்ப்பளித்தது. கல்யாணத் தரகர்கள் தீர்ப்புகளைப் படிப்பதில்லை. படித்த நாமும், சம்பந்தம் பேசும்போது "அந்த வீட்டில் யாருக்காவது உண்டா?" என்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறோம்.

சிதம்பரத்துக்காரருக்கு வைத்தியம் தூரத்தில் இல்லை. அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. காய்ச்சல்காரன் அந்த ஆஸ்பத்திரிக்கு நடுத்தெரு வழியே போகிறான். மனநோயாளியை அழைத்துச் செல்பவரோ, தெரிந்த முகம் எதிர்ப்படாத சென்னைக்கு ரயிலேறுகிறார். நாலைந்து முறை போவதற்குள் கையிருப்புக் கரைகிறது. மருந்து பாதியில் நிற்கிறது. கொல்லை அறை மறுபடி பூட்டப்படுகிறது.