குத்தகை விவசாயிக்கு வங்கிக் கடன்: கேரளம் உணர்த்தும் பாடம்

விவசாயிக்குப் பணம் தேவைப்படுவது விதைப்பதற்கு முன்பு; வருமானம் கிடைப்பதோ அறுவடைக்குப் பின்பு. இவ்விடைவெளியை நிரப்புவதே விவசாயக் கடனின் பணியாகும். 1951-52ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வின்படி, விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3.1 சதவீதமே, வர்த்தக வங்கிகளின் பங்கு ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை. எஞ்சியதில் பெரும்பகுதி லேவாதேவிக்காரர்கள் கொடுத்ததே.

1969இல் 14 வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. அதே ஆண்டில் மாவட்டந்தோறும் முன்னோடி வங்கித் திட்டம் வகுக்கப்பட்டது. 1975இல் வட்டார கிராம வங்கிகளும், 1982இல் நபார்டு வங்கியும், 1998இல் கிசான் கடன் அட்டையும் வந்தன. இவற்றின் பயனாக, 2019ஆம் ஆண்டு ஆய்வில், கிராமக் குடும்பங்களின் நிலுவைக் கடனில் 66 சதவீதம் வங்கி, கூட்டுறவு முதலிய நிறுவனங்களைச் சார்ந்ததாக இருந்தது. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் வங்கியின் வாயிலுக்கு வெளியே இன்னும் ஒரு பிரிவினர் நிற்கின்றனர். பிறர் நிலத்தில் பயிர் செய்யும் குத்தகை விவசாயிகளே அவர்கள்.

பொக்காளி வயலின் தேவைகள்

கொச்சி நகரின் தேவராவைச் சூழ்ந்துள்ள காயல், எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி, செல்லானம், கடமக்குடி முதலிய ஊர்கள் வரை பரந்து கிடக்கிறது. இவ்வூர்களின் காயலோரத்தில் உவர்நீர் புகும் பொக்காளி வயல்கள் உள்ளன. தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவியதும், மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து நெல் விதைக்கின்றனர். அக்டோபர், நவம்பரில் அறுவடை முடிகிறது. பிறகு ஏப்ரல் நடுப்பகுதி வரை அதே வயலில் இறால் வளர்க்கப்படுகிறது. சேற்றில் இயந்திரம் எளிதில் இறங்காது என்பதால் நெல்லுக்குக் கூலிச் செலவு மிகுதி. இறாலுக்கோ மதகு, குஞ்சு ஆகியவற்றின் செலவு. ஆக, ஒரே நிலத்திற்கு ஆண்டில் இருமுறை முதல் தேவைப்படுகிறது. நிலம் ஒருவர் பெயரிலும் உழைப்பு வேறொருவருடையதாகவும் இருக்கும்போது, அம்முதலை வங்கியில் கேட்டுப் பெறுவது எளிதன்று.

சட்டமும் நடைமுறையும்

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் முக்கியத் திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உழுதுவந்த குத்தகைதாரர்கள் நிலத்திற்கு உரியவர்களாயினர். புதிய குத்தகை தடை செய்யப்பட்டது. சமூக நீதியின் வரலாற்றில் இது ஒரு மைல்கல். ஆனால் உரிமையாளர் வேறு தொழிலுக்கோ வெளிநாட்டுக்கோ சென்றபின், அவருடைய வயல் வாய்மொழி ஏற்பாட்டில் இன்னொருவர் கைக்கு மாறியது. சட்டம் ஏற்காத இந்த ஏற்பாட்டுக்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. எழுதிக் கொடுத்தால் நிலத்தை இழக்க நேரிடுமோ என்பது உரிமையாளரின் அச்சம்.

வங்கியோ பட்டாவையும் வரி ரசீதையும் கேட்கிறது. அவ்வாறு கேட்பது முற்றிலும் தவறு என்று கூற இயலாது. கடனாகத் தரப்படுவது பொதுமக்களின் வைப்புத் தொகையாகும். விளைவு யாதெனில், பயிரிடாத உரிமையாளருக்குப் பயிர்க் கடன் பெறும் தகுதி இருக்கிறது. பயிரிடுபவர் நகையை அடகு வைக்கிறார், அல்லது அதிக வட்டிக்கு வாங்குகிறார். குறித்த காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு 4 சதவீத வட்டியில் கிடைக்கும் அட்டைக் கடன் அவருக்கு எட்டுவதில்லை.

விதிகள் அவரை மறந்துவிடவில்லை. கிசான் கடன் அட்டை விதிகள் வாய்மொழிக் குத்தகைதாரரையும் பங்கு விவசாயியையும் தகுதியுடையோராகக் குறிப்பிடுகின்றன. 2018-19இல் மீன்வளமும் இவ்வட்டையின் கீழ் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு ஈடு தேவையில்லை. தடை விதியில் இல்லை. 'இவர்தான் பயிரிடுகிறார்' என்று உறுதி கூறுவோர் இல்லாமையில் இருக்கிறது.

பெண்கள் குழுக்களின் வழி

அந்த உறுதியை அண்டை வீட்டாரே அளிக்க இயலும் என்பதைக் காட்டியது, 1998இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கம். அதன் பெண்கள் நான்கு முதல் பத்துப் பேர் கொண்ட கூட்டுப் பொறுப்புக் குழுக்களாகச் சேர்ந்து, தரிசு வயல்களைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் பயிரிடுகின்றனர். வங்கி குழுவுக்குக் கடன் தருகிறது. ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதே ஈடு. யார் உழைப்பவர், யார் தவணை தவறமாட்டார் என்பதை வங்கி அதிகாரியைவிட அயலார் நன்கு அறிவர். எனினும் குறை ஒன்று உண்டு. தரிசு திருந்தியபின் உரிமையாளர் நிலத்தைத் திருப்பிக் கேட்டால், குழுவின் முதலீடு கேள்விக்குறியாகிறது.

செய்யத்தக்கவை

ஆந்திரப் பிரதேசம் 2011இல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டத்தையும், 2019இல் 11 மாத ஒப்பந்தத்தின் அடிப்படையில் பயிர் மீது மட்டும் உரிமை தரும் சட்டத்தையும் இயற்றியது. நிலவுரிமை பாதிக்கப்படாது என்ற உறுதியே இவற்றின் அடிப்படை. 2016இல் நீதி ஆயோக்கும் மாதிரி நிலக் குத்தகைச் சட்டம் ஒன்றை முன்வைத்தது. அண்டை நாடான வங்கதேசத்தில், 2009 முதல் மத்திய வங்கியின் நிதியைக் கொண்டு பிராக் நிறுவனம் குத்தகை விவசாயிகளுக்கு ஈடின்றிக் கடன் அளித்தது.

கேரளத்தின் ஊராட்சிகளில் கிருஷி பவன் என்னும் விவசாய அலுவலகம் செயல்படுகிறது. வயலில் பயிர் நிற்பதை நேரில் பார்க்கும் அவ்வலுவலகம், நிலவுரிமை பற்றி எதுவும் கூறாமல், பயிரிடுபவர் இன்னார் என்று பருவந்தோறும் சான்றளிக்கலாம். வங்கி அச்சான்றையும் குழுவின் பொறுப்பையும் இணைத்து ஏற்கலாம். பொக்காளி போன்ற நிலங்களில் நெல், இறால் ஆகிய இரண்டின் செலவையும் கணக்கிட்டுக் கடன் அளவை நிர்ணயிக்கலாம்.

கடன் வழங்கிய தொகை உயர்வது மட்டும் வளர்ச்சிக்கு அளவுகோலாகாது. அத்தொகை சேற்றில் இறங்கி உழைப்பவரின் கைக்கு விதைப்புக்கு முன் சேர்ந்ததா என்பதே அளவுகோல்.