கிணற்றுக் கணக்கும் சுரங்கக் கணக்கும்

சென்ற திங்களில் விக்கிரமங்கலத்தில் நம் சங்கத்து அங்கத்தினர் சிலருடன் அளவளாவிக் கொண்டிருந்தோம். முதிய விவசாயி ஒருவர், “ஐயா, மைக்கேல்பட்டிச் சேதி ஓய்ந்து போயிற்று என்கிறார்களே, மெய்தானா? மறுபடி வந்தால் எங்கள் கிணற்றுக்கு என்ன கதி?” என்று வினவினார். அருகிலிருந்த நெசவாளி ஒருவர், “கிணற்றுக்கு மட்டுமா? எங்கள் சாயத் தொட்டிக்கும் கேளுங்கள்” என்றார். அவ்விரு வினாக்களுக்கும் விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

மைக்கேல்பட்டி நம் ஜில்லாவைச் சேர்ந்தது. 2023 மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு அறிவித்த சுரங்கப் பகுதிகளுள் அதுவும் ஒன்று. வடசேரியும் சேத்தியாத்தோப்புக் கிழக்கும் தமிழ்நாட்டின் மற்றைய இரண்டு. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நான்கு நாள் கழித்து மூன்று இடங்களும் ஏலத்தினின்று விலக்கப்பட்டன. மகிழ்ச்சிதான். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெல்டாவைக் காக்க இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் அரியலூரைத் தன் எல்லைக்குள் சேர்க்கவில்லை. நம்மைக் காத்தது சட்டமன்று; ஒரு கடிதம்.

பழுப்பு நிலக்கரி எடுப்பதென்றால் என்ன என்பதை நெய்வேலி காட்டும். 1957 மே 20 அன்று அங்கே வெட்டுவேலை தொடங்கிற்று. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தம் கொண்ட நீர் நிற்கின்றது. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிடில், சுரங்கத்தின் தளத்தையே அந்நீர் பெயர்த்துவிடும். ஆகையால் கரி தோண்டுமுன் தண்ணீர் தோண்டப்படுகின்றது. இறைக்குமிடத்தில் நீர்மட்டம் தாழ, சுற்றுவட்டத்து நீரும் அப்பக்கம் சரியும். நிலத்தை விற்காதவரின் கிணறும் இதற்கு விலக்கன்று.

சுண்ணாம்புக்கல் நமக்குப் பழகிய கதை. ஆதியில் கடல் மூடிக் கிடந்த நிலமாதலால் அரியலூரில் அக்கல் மிகுதி. சிமெண்டு ஆலைகள் வந்ததும் அதனாலேயே. குழி ஆழமாகி நிலத்தடி நீரைத் தொட்டவுடன் அங்கும் இறைப்பு வேண்டியதாகின்றது. வேலை முடிந்த குழியில் மழைநீர் நிற்பதைக் கண்டு, “புதிய ஏரி கிடைத்தது” என்பாருளர். மதகில்லை, பாசனமில்லை, இறங்கப் படியுமில்லை; அதனை ஏரியென்பது நம் முன்னோரின் உழைப்பை இழிவுபடுத்துவதாகும்.

நெசவாளி அன்பரின் வினாவுக்கும் விடை இதிலேயே அடங்கும். பட்டு நூலின் பசை நீக்கவும் சாயம் சீராகப் பற்றவும் மென்னீர் வேண்டும். மேல்மட்ட நீர் வற்றி ஆழத்து நீரை நாட நேர்ந்து, அது கடினநீராயிருந்துவிட்டால் சோப்பும் வீண், சாயமும் திட்டுத் திட்டாகும்.

இனி ஒடிசாவுக்குச் செல்வோம். அங்கே நியமகிரி மலையின் உச்சியில் பாக்சைட் படிந்துள்ளது. டோங்கிரியா கோந்து என்னும் பழங்குடி மக்கள் அம்மலையைத் தெய்வமாகக் கொண்டவர்கள். உச்சிப் பாறை மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிக் கோடையிலும் சுனைகளுக்கு ஊட்டுகின்றது என்பதை அவர்கள் நூலில் படித்தவரல்லர். சுனையோடு வாழ்ந்து அறிந்தவர். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், கிராம சபைகளே அம்மக்களின் உரிமைகளை ஆராயட்டும் என்று தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் பார்வையாளராக வீற்றிருக்க, ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. அடுத்த ஆண்டு ஜனவரியில் மத்திய அரசும் அனுமதியை மறுத்தது.

நமக்கும் அதே வழி திறந்துள்ளதா? முழுமையாக இல்லை. அவர்களுக்குத் துணை நின்றது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். பட்டா நிலத்துச் சமவெளிக் குடிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. நம் கையிலுள்ளவை கிராம சபைத் தீர்மானமும், 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமுமே. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்டச் சுருக்கம் நம் மொழியில் கிடைக்க வேண்டும். நாம் கூறுவது நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். அங்கே “தண்ணீர் போய்விடும்” என்று கூவினால் அது அச்சமென்று குறிக்கப்படும். “இவ்வூரில் இக்கிணற்றில் சித்திரையில் இத்தனை அடியில் நீர் நின்றது” என்று பத்தாண்டுக் கணக்கை நீட்டினால், மறுப்போர் தம் கணக்கைக் கொண்டுவர வேண்டிவரும். இன்று சுரங்கத்தாரிடம் கணக்கு உண்டு. நம் சங்கத்தில் பால் கணக்கு உண்டு, நூல் கணக்கு உண்டு. நீர்க் கணக்கு இல்லை. இது நம் குறையே.

ஆகவே ஒன்று செய்யலாம் என்று கருதுகின்றோம். மருதையாறு பெரம்பலூர்ப் பக்கத்தில் பிறந்து நம் ஜில்லாவின் வழியே கொள்ளிடத்தை அடைகின்றது; அதன் வழியிலுள்ள சங்கங்கள் ஒன்றுகூடி, ஊருக்கு ஐந்து கிணறுகளைத் தேர்ந்து, மாதத்தில் ஒரு நாள் அளக்க வேண்டும். அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிறும், நுனியில் ஒரு கல்லும் போதும். அதிகாலையில், மோட்டார் போடுமுன் அளத்தல் வேண்டும். அளந்தவர், உடனிருந்தவர் இருவரும் கையொப்பமிட வேண்டும். எந்த ஏரி நிரம்பி எந்த ஏரிக்குக் கலிங்கு வழியே நீர் செல்கின்றது என்பதை முதியோரைக் கேட்டு ஒரு தாளில் வரைந்து வைப்பதும் நன்று.

வினாத் தொடுத்த பெரியவரே தம் கிணற்றை முதலாவதாகக் கொடுக்க இசைந்துள்ளார். கயிறு திரிப்பதாக நெசவாளி அன்பர் வாக்களித்திருக்கின்றார். வரும் கிராம சபையில் முதல் அளவு படிக்கப்படும்.