அரசு மருத்துவமனைக்குள் ஒரு தனிக் கல்லா

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடக்கும் ஆராய்ச்சிக்கு வெளிப்பணம் கொண்டுவருபவை லாப நோக்கற்ற அறக்கட்டளைகள். அவற்றின் பலம் எங்கே இருக்கிறதோ, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அல்ஸைமர் என்ற மறதி நோய் பற்றி வெளியாகும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு நன்றியுரை இருக்கும். அதில் வடக்கு கலிபோர்னியா ஆராய்ச்சி, கல்வி நிறுவனம் என்ற பெயர் இடம்பெறும். ஏதோ பெரிய பல்கலைக்கழகம் என்று நினைத்துவிட வேண்டாம். சான்பிரான்சிஸ்கோவில் பசிபிக் கடலைப் பார்த்தபடி நிற்கும் முன்னாள் படைவீரர் மருத்துவமனையை ஒட்டி இயங்கும் அறக்கட்டளை அது. நோய் முற்றுவதற்கு முன்பே மூளையில் தெரியும் மாற்றங்களைப் படம் பிடிக்க 2004ல் தொடங்கிய ஒரு மாபெரும் திட்டத்துக்கு அரசு மானியத்தைப் பெற்றுக் கணக்கு வைத்தது அதுதான். நூற்றுக்கணக்கான முதியவர்களின் ஸ்கேன்களும் பரிசோதனை முடிவுகளும் உலக ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. அதனால்தான் அந்த நன்றியுரை.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் டாக்டரின் ஆராய்ச்சிக்கு வரும் பணத்தை எதற்காக ஒரு தனி அமைப்பு வாங்க வேண்டும்? இதற்கு விடை தேடினால் சுவாரசியமான கதை கிடைக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பியபோது, அவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போதிய டாக்டர்கள் இல்லை. அப்போது படைவீரர் நிர்வாகத்துக்குத் தலைவராக இருந்தவர் ஜெனரல் ஒமர் பிராட்லி. அவருடைய காலத்தில், 1946ல், படைவீரர் மருத்துவமனைகளை மருத்துவக் கல்லூரிகளோடு இணைப்பது என்று முடிவாயிற்று. கல்லூரிப் பேராசிரியர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களோடு ஆராய்ச்சியும் வந்தது.

பலன் சாதாரணமானதல்ல. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கும் படைவீரர் மருத்துவமனையில் 1947ல் சேர்ந்தார் ரோஸலின் யாலோ என்ற இயற்பியல்காரர். துப்புரவுப் பணியாளர் சாமான் வைக்கும் சிறு அறைதான் அவருக்கு ஆய்வுக்கூடமாகக் கிடைத்தது. டாக்டர் சாலமன் பெர்சனுடன் சேர்ந்து, ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கதிரியக்கத்தின் உதவியால் அளக்கும் முறையை அவர் கண்டுபிடித்தார். இருவரும் அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. பெர்சன் 1972ல் காலமானார். யாலோ 1977ல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஷாலியும் நியூ ஆர்லியன்ஸ் படைவீரர் மருத்துவமனைக்காரர். நம் ஊரில் தைராய்டு அளவு பார்க்க ரத்தம் கொடுக்கிறோமே, அந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் தாய் முறை அந்தச் சின்ன அறையில் பிறந்ததுதான்.

பஃபலோ நகரப் படைவீரர் மருத்துவமனையில் சர்ஜன் வில்லியம் சார்டாக்கும் என்ஜினியர் வில்சன் கிரேட்பாட்சும் உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கரை 1958ல் ஒரு நாயிடம் சோதித்தார்கள். 1960ல் மனிதர்களுக்குப் பொருத்தினார்கள். ரத்தக் கொதிப்புக்கு மருந்து கொடுப்பதால் உண்மையிலேயே நன்மை உண்டா என்ற சந்தேகம் அந்தக் காலத்து டாக்டர்களுக்கு இருந்தது. அதைத் தீர்த்து வைத்ததும் எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் படைவீரர் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வுதான். 1967ல் வெளியான முதல் முடிவில், கடுமையான கொதிப்பு உள்ள 143 ஆண்கள் இடம்பெற்றிருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான கேடு நேர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டே பேருக்கு.

இவையெல்லாம் பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடந்தவை. ஆராய்ச்சி வளர வளர, அந்தப் பணம் போதவில்லை. தேசிய சுகாதாரக் கழகம், ராணுவ அமைச்சகம், மருந்துக் கம்பெனிகள், நன்கொடையாளர்கள் என்று வெளியே பணம் தரப் பலர் இருந்தார்கள். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! அரசு மருத்துவமனை வெளிப்பணத்தை வாங்கவும், அதில் ஆள் எடுக்கவும், கருவி வாங்கவும் ஆயிரம் விதிகள். மூன்றாண்டு மானியத்தில், நர்ஸ் ஒருவரை நியமிப்பதற்குள்ளேயே பல மாதங்கள் ஓடிவிடும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் வழியாக வாங்கினால், நிர்வாகச் செலவு என்று அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

இந்த முடிச்சை அவிழ்க்க அமெரிக்க நாடாளுமன்றம் 1988ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மருத்துவமனை தன்னோடு இணைந்த லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கிக்கொள்ளலாம். அது அரசுத் துறை அல்ல. மாநிலச் சட்டப்படி பதிவான, வரி விலக்குப் பெற்ற தனி அமைப்பு. ஆனால் அதன் நிர்வாகக் குழுவில் மருத்துவமனை இயக்குநரும் தலைமை டாக்டரும் ஆராய்ச்சிப் பொறுப்பாளரும் இருந்தாக வேண்டும். அரசைச் சாராத இருவராவது உடன் இருக்க வேண்டும். அந்த இருவரும், ஆராய்ச்சிக்குப் பணம் தரும் கம்பெனியின் ஊழியர்களாக இருக்கக் கூடாது.

அறக்கட்டளை எடுக்கும் ஆட்களின் நிலைமை வேடிக்கையானது. சம்பளம் தருவது அறக்கட்டளை. ஆனால் மருத்துவமனைக்குள் வேலை செய்ய அரசின் நியமனமும் வேண்டும். ஆகவே அரசு அவர்களை 'சம்பளம் இல்லாத ஊழியர்' என்று ஏட்டில் எழுதிக்கொள்கிறது.

1988க்குப் பிறகு மளமளவென்று இத்தகைய அமைப்புகள் முளைத்தன. சான்பிரான்சிஸ்கோ, பாலோ ஆல்டோ, சான் டியாகோ போன்ற இடங்களில் உள்ளவை பெரியவை. சில இடங்களில் ஓர் அறை, ஒரு மேஜை, இரண்டு மூன்று ஊழியர்கள் மட்டுமே. ஒரு டாக்டர் வேறு ஊருக்கு மாறிப்போனால் சின்ன அறக்கட்டளையின் வருமானமே ஆட்டம் கண்டுவிடும். இவற்றை ஒன்று சேர்த்து 1992ல் ஒரு தேசியச் சங்கம் உருவாயிற்று. அதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் நாவ்ரெஃப். நிர்வாகிகளுக்குப் பயிற்சி தருவது, விதிகள் மாறும்போது விளக்கம் சொல்வது, ஆண்டு மாநாடு கூட்டுவது, வாஷிங்டனில் இவர்களுக்காக வாதாடுவது ஆகியவை அதன் வேலை. ஒரு மருத்துவமனைக்கு மட்டுமல்லாமல் பல மருத்துவமனைகளுக்கும் சேர்த்து ஒரே அறக்கட்டளை இயங்கலாம் என்று 2010ல் சட்டம் திருத்தப்பட்டது சிறிய அமைப்புகளுக்குப் பெரிய ஆறுதல்.

எல்லாம் சரி. நோயாளியின் கதி?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. முன்னாள் சிப்பாய் அரசை நம்பி மருத்துவமனைக்கு வருகிறார். அவரிடம் ஆராய்ச்சியில் சேரச் சம்மதம் கேட்பவர், வெளிப்பணத்தை நம்பி நடக்கும் திட்டத்தின் ஆளாக இருக்கலாம். எத்தனை பேரைச் சேர்த்தாலும் அத்தனைக்கும் கம்பெனி பணம் தரும் என்றால் சபலம் வராதா?

பயம் கற்பனையல்ல. நோயாளிகளின் பாதுகாப்பு விதிகள் சரிவரப் பின்பற்றப்படவில்லை என்று, மேற்கு லாஸ் ஏஞ்சலஸ் படைவீரர் மருத்துவமனையில் நடந்த ஆராய்ச்சியை 1999ல் மத்திய அதிகாரிகள் நிறுத்தி வைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் நடந்தது அதைவிடக் கொடுமை. அங்குள்ள படைவீரர் மருத்துவமனையில் புற்றுநோய் மருந்து ஆய்வுகளை ஒருங்கிணைத்து வந்த ஊழியர், தகுதியில்லாத நோயாளிகளைச் சேர்ப்பதற்காக ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் திருத்தி எழுதினார். அப்படிச் சேர்க்கப்பட்ட முன்னாள் வீரர் ஒருவர் 2001ல் இறந்துபோனார். அந்த ஊழியர் ஏற்கெனவே மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர் என்பது பிறகுதான் அம்பலமாயிற்று. 2005ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 71 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

இதற்குள் கடிவாளங்களும் வந்துவிட்டன. ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு 2003ல் சட்ட அந்தஸ்து கிடைத்தது. மருத்துவமனையின் ஆராய்ச்சிக் குழு அனுமதிக்காத எந்தத் திட்டத்துக்கும் அறக்கட்டளை பணம் தர முடியாது. கம்பெனியோடு செய்யும் ஒப்பந்தத்தில் மருத்துவமனையும் கையெழுத்திட வேண்டும். ஆண்டு வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். கணக்கு விவரம் படைவீரர் துறைக்கும், அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கும் போக வேண்டும்.

இன்னொரு பக்கம், அறக்கட்டளைகளின் பிழைப்பும் நிம்மதியாக இல்லை. மானியத்தோடு நிர்வாகச் செலவுக்கென்று சேர்ந்து வரும் தொகையில்தான் அவை காலம் தள்ளுகின்றன. அந்தத் தொகை 15 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய சுகாதாரக் கழகம் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. வழக்குகள் பாய்ந்தன, நீதிமன்றம் தடுத்தது. ஆனாலும் அறிவிப்பு வந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, தாங்கள் எவ்வளவு மெல்லிய கயிற்றில் நடக்கிறோம் என்பது புரிந்திருக்கும். நிர்வாகச் செலவு என்றால் ஏதோ ஆடம்பரம் என்று தோன்றும். கணக்கு எழுதுபவர், சம்மதப் படிவங்களைச் சரிபார்ப்பவர், விதிமீறலைக் கண்டுபிடிப்பவர் எல்லோருக்கும் சம்பளம் அதிலிருந்துதான். அதை வெட்டினால் முதலில் குறைவது காவல்தான்.

அறக்கட்டளை வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல பிரச்சினை. பேஸ்மேக்கர் காலத்து ஆராய்ச்சியை இன்றைய செலவில் அரசு மட்டுமே நடத்திவிட முடியாது. கல்லாவைத் தனியாக வைத்துக்கொள்ளச் சட்டம் வழி செய்துவிட்டது. பொறுப்பை அப்படித் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட முடியாது. பணம் எங்கிருந்து வந்தாலும், படுக்கையில் இருப்பவர் மருத்துவமனையின் நோயாளி. 'இவரைச் சேர்க்காதே' என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வதற்கு அங்கே ஒருவர் இருக்க வேண்டும். அவர் பேச்சு எடுபடவும் வேண்டும்.