ரெனியூவலா, ரீ-இஷ்யூவா?

உம்ராவுக்குப் பெயர் கொடுப்பவர்கள், "பாஸ்போர்ட்டை ரெனியூவல் பண்ணியாச்சு, நம்பர் பழசுதானே?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. இல்லை, நம்பர் மாறிவிடும்.

'ரெனியூ' என்றால் இருப்பதற்கே காலம் நீட்டிப்பது. நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் லைசென்ஸ் அப்படித்தான். நம்பர் அதேதான், தேதி மட்டும் நீளும். கனரக லைசென்ஸ் பொதுவாக 5 ஆண்டுதான். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை வண்டி எடுக்க முடியாது, வருமானமும் இல்லை.

'ரீ-இஷ்யூ' என்றால் மீண்டும் வழங்குவது. பாஸ்போர்ட்டுக்கு அதுதான். பழைய புத்தகம் ரத்தாகி, புது நம்பரில் வேறு புத்தகம் வரும். டிக்கெட்டிலும் விசாவிலும் புது நம்பரையே கொடுங்கள். பழையதில் செல்லுபடியாகும் விசா இருந்தால் அந்தப் புத்தகத்தையும் பத்திரமாக வையுங்கள்.

விண்ணப்பத்தில் 'ஃப்ரெஷ்' என்பது இதுவரை பாஸ்போர்ட்டே எடுக்காதவர்களுக்கு. பத்து வருடத்துக்கு முன் துபாய் போய் வந்தவர், "புதுசாத்தானே எடுக்கிறேன்" என்று அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. காலாவதியானாலும் தொலைந்தாலும் ரீ-இஷ்யூதான். தொலைந்தால் போலீஸ் புகாரும் வேண்டும்.

சேலம் தபால் நிலையப் பாஸ்போர்ட் மையத்துக்கு நாள் பதியும் முன், பழைய பாஸ்போர்ட்டுடன் ஜும்ஆவுக்குப் பின் எங்கள் அலுவலகம் வந்தால் விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம்.