வெள்ளித்திரையின் அருட்சகோதரி

குருமடத்தில் நாம் பயின்ற நாட்களில், விழாநாள் ஒன்றின் மாலையில், பழைய அமெரிக்கத் திரைப்படம் ஒன்றை நமக்குக் காண்பித்தார்கள். 1945-இல் வெளிவந்த 'தி பெல்ஸ் ஆஃப் செயிண்ட் மேரீஸ்' என்ற படம் அது. பள்ளியொன்றின் தலைமைச் சகோதரியான மேரி பெனடிக்ட், அடிபட்டு வந்த மாணவனுக்குக் குத்துச்சண்டை கற்பிப்பார். இறுதியில் காசநோயுற்று, தாம் நேசித்த பள்ளியை விட்டுப் பிரிவார். படம் முடிந்ததும், "இந்த அம்மையார் மெய்யாகவே கன்னியர் மடத்தில் வாழ்ந்தவரோ?" என்று நம்மோடு பயின்ற ஒருவர் கேட்டார். நாம் நகைத்தோம். ஆனால், ஒரு காலத்தில் அமெரிக்க நாடே ஏறக்குறைய அவ்வாறுதான் எண்ணியிருந்தது. அதற்கான விலையை அந்நடிகை செலுத்த வேண்டியதாயிற்று.

இங்கிரிட் பெர்க்மன் 1915 ஆகஸ்ட் 29-ஆம் நாள் சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்தார். இரண்டு வயதில் தாயையும், பதின்மூன்று வயதில் தந்தையையும் இழந்தார். புகைப்படக் கடை வைத்திருந்த தந்தை, சிறுமியின் ஒவ்வொரு பருவத்தையும் படம் பிடித்து வைத்திருந்தாராம். 1939-இல் ஹாலிவுட்டுக்கு அழைக்கப்பட்டபோது, பெயரையும் புருவத்தையும் மாற்ற வேண்டுமென்று தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கூற, இவர் மறுத்துவிட்டார். 'காசபிளாங்கா' (1942) புகழ் சேர்த்தது. 'கேஸ்லைட்' (1944) முதல் ஆஸ்கார் விருதைத் தேடித் தந்தது.

ஆயினும் அவர் உள்ளம் நாடியதெல்லாம் புனித ஜோன் ஆஃப் ஆர்க் வேடத்தையே. 1946-இல் நாடக மேடையிலும், 1948-இல் திரையிலும் ஜோனாகத் தோன்றினார். வாஷிங்டனில் அந்நாடகம் நடந்தபோது, அரங்கினுள் கறுப்பின மக்களுக்கு அனுமதி இல்லையென்று அறிந்து, பத்திரிகையாளர் முன்னிலையில் வெளிப்படையாகக் கண்டித்தார். அக்காலத்தில் அது எளிய செயலன்று.

பிறகு வந்தது புயல். இத்தாலிய இயக்குநர் ரொபேர்ட்டோ ரொசெல்லினியின் படங்களைக் கண்டு வியந்து, உம்மோடு பணியாற்ற வர விரும்புகிறேன் என்று 1948-இல் கடிதம் எழுதினார். மறு ஆண்டு 'ஸ்ட்ராம்போலி' படப்பிடிப்புக்காக இத்தாலி சென்றார். இருவரும் மணமானவர்கள். இவருக்கு மருத்துவரான கணவரும், பியா என்ற மகளும் அமெரிக்காவில் இருந்தனர். 1950 பிப்ரவரியில் ரொசெல்லினியின் மகன் பிறந்தபோது, பழைய மணவிலக்கு வழக்குகூட முடிந்திருக்கவில்லை.

இதை நாம் நியாயப்படுத்த முற்படவில்லை. மண வாழ்வின் பிணைப்பு முறிந்தது. அதனால் ஒரு குழந்தையின் இல்லமும் உடைந்தது. ஆனால் அவ்வாண்டு மார்ச்சில், செனட் சபையிலேயே எட்வின் ஜான்சன் என்ற உறுப்பினர் எழுந்து, தீமையின் வலிய சக்தியென்று ஒரு நடிகையின் பெயரைச் சொல்லித் தூற்றினாரே, அதை என்னென்பது? திரையரங்குகள் பல அவருடைய படத்தைப் புறக்கணித்தன. துறவியாக நடித்தவரைத் துறவியென்றே கொண்டாடிய மக்கள், தாங்களே சூட்டிய ஒளிவட்டத்தைத் தாங்களே பிடுங்கி எறிந்தனர். அவர்கள் சினந்தது அவருடைய பாவத்தின்மீதா, தங்கள் ஏமாற்றத்தின்மீதா என்ற ஐயம் நமக்கு உண்டு. அவர்களுள் நம் கத்தோலிக்கரும் பலர் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.

உண்மையான தண்டனையை அளித்தது செனட் சபையன்று. மகளைக் கோடை விடுமுறைக்கு இத்தாலிக்கு அனுப்புமாறு தாய் கேட்க, 1952-இல் அமெரிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. பதின்மூன்று வயதுப் பியா, தாயிடம் செல்ல விருப்பமில்லையென நீதிமன்றத்திலேயே கூறினாள். 1951 முதல் 1957 வரை தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. பெற்றோராயுள்ள நம் வாசகர்கள் இவ்விரண்டு ஆண்டுகளையும் ஒருமுறை கழித்துப் பார்ப்பார்களாக.

ரொசெல்லினியோடு அமைந்த வாழ்வும் நிலைக்கவில்லை. 1957-இல் ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்த அவர், இங்கே வேறொரு பெண்ணின்பால் மனம் சென்றார். 'அனஸ்தேசியா' (1956) இங்கிரிட்டுக்கு இரண்டாவது ஆஸ்காரைப் பெற்றுத் தந்தது. 1972-இல் சார்லஸ் பெர்சி என்ற செனட் உறுப்பினர், முன்னர் அவருக்கு இழைக்கப்பட்டது தவறென அதே சபையின் ஏட்டில் பதிவு செய்தார். இருபத்திரண்டு ஆண்டுகள்! ஜோனுக்கு அளிக்கப்பட்ட தீர்ப்பைத் திருச்சபை மாற்றவும் ஏறத்தாழ அவ்வளவு காலமே ஆயிற்று.

சீனாவில் போர்க்காலத்தில் நூறு அனாதைக் குழந்தைகளை மலைகளைக் கடந்து அழைத்துச் சென்ற மறைப்பணியாளர் கிளாடிஸ் அய்ல்வர்டாகவும் 1958-இல் இவர் நடித்தார். குள்ளமான அந்த இலண்டன் மாதுக்கு இந்த நெடிய சுவீடன் நடிகையும், படத்தில் புகுத்தப்பட்ட காதலும் பிடிக்கவில்லை. அவரைச் சந்திக்க 1970-இல் இங்கிரிட் தைவான் சென்றார். சில நாட்களுக்கு முன்தான் அம்மையார் இறந்திருந்தார். அவர் பேணிய குழந்தைகளின் இல்லத்தை மட்டுமே காண முடிந்தது.

மார்பகப் புற்றுநோயோடு எட்டாண்டுகளுக்கு மேல் போராடினார். இஸ்ரயேலின் பிரதமர் கோல்டா மேயராகத் தொலைக்காட்சிப் படத்தில் நடித்தபோது, வலக்கை பெரிதும் வீங்கியிருந்தது. 1982-இல், தம் அறுபத்தேழாம் பிறந்தநாளிலேயே இலண்டனில் கண்மூடினார். சின்னாட்களில் அப்படத்திற்காக எம்மி விருது அறிவிக்கப்பட்டது. தாயின் சார்பில் மேடையேறி அதைப் பெற்றுக்கொண்டவர், மகள் பியா.