ஊசி போட்டால் கருமுட்டை தீர்ந்துவிடுமா?

சோதனைக்குழாய் முறையில் குழந்தைக்கு முயலலாம் என்று மருத்துவர் சொன்னதும், பல பெண்களுக்கு வரும் முதல் பயம் ஊசிதான். “தினமும் ஊசியா? இருக்கிற முட்டையெல்லாம் தீர்ந்து போகாதா?” என்று வீட்டுப் பெரியவர்களும் கேட்பார்கள். இந்தப் பயத்திலேயே சிகிச்சையைத் தள்ளிப்போட்டு வயதைக் கடத்திவிடும் தம்பதியரும் உண்டு.

உண்மை என்ன? மாதந்தோறும் சினைப்பையில் பல முட்டைகள் வளரத் தொடங்குகின்றன. உடலில் சுரக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் பொதுவாக ஒரு முட்டையை மட்டுமே முதிர வைக்கும். மற்றவை அந்த மாதமே அழிந்துவிடும். ஊசி வழியாக அந்த ஹார்மோன் கூடுதலாகக் கிடைக்கும்போது, அழிய வேண்டிய முட்டைகளும் சேர்ந்து வளர்கின்றன. அடுத்த மாதங்களுக்கான இருப்பு இதனால் குறைவதில்லை.

1978-இல் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன், ஊசியில்லாமல் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையில் உருவானவர். ஆனால், எல்லா முட்டையும் கருவாவதில்லை. எல்லாக் கருவும் கருப்பையில் தங்குவதில்லை. அதனால்தான் இன்று பல முட்டைகளை எடுக்க முயல்கிறார்கள்.

பெரும்பாலும் மாதவிடாயின் 2 அல்லது 3-ஆவது நாளில் ஊசி தொடங்கும். ஏறக்குறைய 8 முதல் 12 நாள் வரை, வயிற்றுத் தோலுக்கு அடியில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். முட்டைகள் முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்க இன்னொரு மருந்தும் தருவார்கள். இடையிடையே ஸ்கேன் எடுத்து வளர்ச்சியைப் பார்ப்பார்கள்.

கடைசி ஊசிக்கு நேரம் மிக முக்கியம். அதைப் போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுப்பார்கள். இரவு 10 மணி என்றால் 10 மணிதான். தவறினால் நீங்களே முடிவெடுக்காமல் உடனே கிளினிக்கை அழையுங்கள்.

லேசான வயிற்று உப்புசம் வழக்கமானதே. ஆனால் வயிறு வேகமாக வீங்குதல், கடும் வலி, விடாத வாந்தி, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், ஓரிரு நாளில் எடை மளமளவென ஏறுதல் ஆகியவை சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறிகள். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உங்களுக்கு நீர்க்கட்டி இருந்தால் ஊசி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை அதற்கேற்ப அவர் குறைப்பார்.

செலவுக்குத் தயங்கும் மலேசியர்கள், இ.பி.எஃப். சேமிப்பிலிருந்து கருத்தரிப்பு சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி உண்டு என்பதையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.