முறிந்த எலும்பும் முறிந்த துணிவும்

1949ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் மூடுபனி படர்ந்த ஒரு நெடுஞ்சாலை. பென் ஹோகன் என்னும் புகழ்பெற்ற கோல்ஃப் ஆட்டக்காரர் தம் மனைவியுடன் காரில் சென்றுகொண்டிருந்தார். எதிரே, லாரி ஒன்றை முந்திக்கொண்டு வந்த பேருந்து காரின் மீது நேருக்கு நேர் மோதியது. மோதுவதற்கு முந்தைய கணத்தில் ஹோகன் மனைவியின் மேல் பாய்ந்து அவரை மறைத்துக்கொண்டார். ஸ்டியரிங் தண்டு ஓட்டுநர் இருக்கைக்குள் பாய்ந்தது. மனைவியைக் காக்கப் பாய்ந்ததே அவர் உயிரையும் காத்தது!

ஆயினும் இடுப்பெலும்பு, காரை எலும்பு, இடது கணுக்கால், விலா எலும்பு ஆகியவை முறிந்தன. மீண்டும் நடப்பாரா என்பதே ஐயமாக இருந்தது. ஆனால் 16 மாதங்களுக்குப் பிறகு, 1950 ஜூனில், ஒரே நாளில் 36 குழிகளுக்கான நெடுந்தொலைவை நடந்து ஆடி, அமெரிக்க ஓப்பன் போட்டியில் அவர் பட்டம் வென்றார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 2 கோடி முதல் 5 கோடிப் பேர் சாலை விபத்துகளில் காயமடைந்து பிழைக்கின்றனர். இவர்கள் எவ்வாறு தேறுகின்றனர்? பார்ப்போம்.

எலும்பு கூடும் விதம்

எலும்பு முறிந்ததும் அதனுள் ஓடும் இரத்தக் குழாய்களும் அறுகின்றன. கசிந்த இரத்தம் முறிவைச் சுற்றி உறைகிறது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் அந்த இடத்தில் நார்த் திசுவும் குருத்தெலும்பும் வளர்ந்து, முறிந்த முனைகளை மென்மையாக இணைக்கின்றன. பின்னர் அதில் கால்சியம் உப்புகள் படிந்து அது கெட்டிப்படுகிறது. எலும்பையும் வயதையும் பொறுத்து இதற்கு 6 முதல் 12 வாரங்களோ, அதற்கு மேலுமோ ஆகலாம்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நான்காவது கட்டம் அப்போதுதான் சூடுபிடிக்கிறது. எலும்பை அரிக்கும் செல்கள் வேண்டாத பகுதியைக் கரைக்க, எலும்பைக் கட்டும் செல்கள் வேண்டிய இடத்தில் புதிதாகக் கட்டுகின்றன. மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் இப்பணி நடைபெறும்.

எந்த இடம் வேண்டியது என்று இச்செல்களுக்கு எப்படித் தெரியும்? எலும்பின் மேல் விழும் சுமையே அதைச் சொல்கிறது! சுமை தாங்கும் பகுதி உறுதிப்படும், சுமையற்ற பகுதி மெலியும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் விளக்கினார். விண்வெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்களின் இடுப்பு, கால் எலும்புகள் மாதத்திற்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தேய்வதும் இதனால்தான்.

படுக்கையில் உள்ள ஆபத்து

முதலில் ஓய்வு தேவை. ஆனால் ஓய்வு அளவு கடந்தால் தீங்காகும். காலில் உள்ள இரத்தத்தை மேலே தள்ளுவதற்குக் கெண்டைக்கால் தசைகள் ஒரு பம்பு போல உதவுகின்றன. கால் அசையாதபோது இரத்தம் தேங்கி உறையலாம். அந்த உறைவு நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து. படுக்கையில் கிடந்த ஹோகனுக்கு இதுவே நேர்ந்தது. அவரைக் காப்பாற்ற, காலிலிருந்து இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருஞ்சிரையையே வயிற்றுப் பகுதியில் மருத்துவர்கள் கட்டிவிட்டனர். அதனால் கால்வீக்கம் அவரை வாழ்நாள் முழுதும் வாட்டியது. இன்று இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள் உள்ளன. மருத்துவர்களும் நோயாளியை இயன்றவரை விரைவில் எழுப்பி நடக்க வைக்கின்றனர்.

வீடு திரும்பிய ஹோகன் முதலில் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு தெருவில் நடந்தார். அதன் பிறகே கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தார். சுமையைப் படிப்படியாகக் கூட்டினார் என்பதைக் கவனியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

எலும்பு மட்டுமா முறிகிறது? மோட்டார் வாகனங்கள் பெருகுவதற்கு முன்பே, ரயில் விபத்துகள் இக்கேள்வியை எழுப்பின. 1865 ஜூன் 9 அன்று இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் ரயில் ஒன்று பாலத்தில் தடம் புரண்டது. பத்துப் பேர் மாண்டனர். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அதில் பயணம் செய்தார். அவருக்குப் பெரிய காயம் ஏதுமில்லை. தொப்பியில் நீர் மொண்டு வந்து மற்றவர்களுக்கு உதவினார். ஆனால் அதன் பின்னர் ரயில் ஏறினாலே அவரை நடுக்கம் பற்றிக்கொண்டது.

அக்கால மருத்துவர் பலர் இத்தகைய நடுக்கத்திற்கு முதுகெலும்பில் பட்ட அதிர்ச்சியே காரணம் என்று எண்ணினர். பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் இத்தொல்லையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல்தான் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

மூளையின் அடிப்பகுதியில் பாதாம்பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி உண்டு. இதை நம் உடலின் அபாய மணி எனலாம். விபத்தின்போது கேட்ட ஒலி, பெட்ரோல் நாற்றம், பிரேக்கின் கிறீச்சொலி எல்லாம் அபாயத்தோடு சேர்ந்து மனத்தில் பதிகின்றன. பிறகு தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தாலும் மணி அடித்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, உடல் வியர்க்கிறது. இரவில் கனவு உலுக்குகிறது. இது கோழைத்தனம் அன்று. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தானே தணிந்துவிடும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் கெடுத்தால் மனநல மருத்துவரை நாட வேண்டும்.

மனத்திற்கும் பயிற்சி உண்டு

அஞ்சியவர் சாலையைத் தவிர்க்கிறார். உடனே நிம்மதி கிடைக்கிறது. ‘தவிர்த்ததால் தப்பினோம்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. அச்சம் வேரூன்றுகிறது. அளவு கடந்த படுக்கை எலும்பை மெலிவிப்பது போல, அளவு கடந்த தவிர்ப்பு துணிவை மெலிவிக்கிறது.

இதற்கு மருந்தும் படிப்படியான சுமையே. முதலில் நின்றிருக்கும் காரில் சிறிது நேரம் அமரலாம். நடுக்கம் தணிந்த பிறகு, நம்பிக்கைக்குரியவர் ஓட்ட, தெருவை ஒரு சுற்று வரலாம். பின்னர் பெரிய சாலை; இறுதியில் விபத்து நடந்த இடம். பழைய நினைவு அழிந்துவிடுவதில்லை. ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற புதிய நினைவு அதன் அருகில் வளர்ந்து அதை அடக்குகிறது. அச்சம் மிகுந்தவர்கள் இப்பயிற்சியை மனநல நிபுணரின் துணையோடு செய்வதே நல்லது.

உறவினர்க்கு ஒரு சொல்

பழங்களுடன் பார்க்க வருவோர், ‘எப்படி நடந்தது?’ என்று ஒவ்வொருவராகக் கேட்பது நம் வழக்கம். பேசினால் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. விபத்துக்குள்ளானோரை உடனேயே நடந்ததை விவரிக்கச் செய்யும் ஒரு முறையை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தனர். மூன்று ஆண்டுகளுக்குப் பிந்தைய முடிவு 2000இல் வெளியானது. தொடக்கத்தில் மிகுந்த கலக்கத்தில் இருந்தவர்களில், விவரிக்கச் செய்யப்பட்டோர் தேறவில்லை. அப்படிச் செய்யப்படாதோரே தேறினர்! எனவே அவர்களாகப் பேசினால் காது கொடுப்போம். துருவிக் கேட்க வேண்டாம்.

இன்னொன்றிலும் விழிப்பு வேண்டும். தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகவே பேசலாம். பிறகு தலைவலி கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, குழப்பமோ தூக்கக் கலக்கமோ வலிப்போ கண்டாலோ, கைகால் ஒருபுறம் தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. எலும்பு கூடும் காலத்தில் புகை பிடித்தலை நிறுத்துக. அது இணைப்பைத் தாமதப்படுத்தும். எப்போது ஊன்றி நடக்கலாம் என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

ஹோகன் 1953இல் மூன்று பெரும் பட்டங்களை வென்றார். அவருடைய கால்கள் பழைய கால்களாகவில்லை. ஆட்டம் முழுதும் வலித்தன. தேறுதல் என்பது விபத்து நடவாதது போல் ஆகிவிடுவது அன்று. தாங்கக்கூடிய சுமையை இன்று தாங்கி, நாளை சற்றே கூட்டிக்கொள்வதுதான். எலும்பிற்கும் அதுவே வழி, மனத்திற்கும் அதுவே வழி.